எந்த ரகசியத்துக்கு ஈடாக?

1999-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதியன்று, கிறிஸ்துமஸ் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து நீதிமன்றம், பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்னும் பெயர்பெற்ற புத்தக வியாபார ஸ்தாபனத்துக்கு எதிராக ஒரு தடையுத்தரவு பிறப்பித்தது. அந்த ஸ்தாபனம் தன் இணையதளத்தில் 'எக்ஸ்பிரஸ் லேன்' என்ற பெயரில் ஒரு வசதியை ஏற்படுத்தியிருந்தது; வாடிக்கைக்காரர் ஒரே ஒரு முறை மவுஸை அழுத்திவிட்டால் போதும், விலாசமும் கிரெடிட் கார்டு விவரமும் மறுபடி கேட்கப்படாமலே புத்தகம் அவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிடும். இவ்வாறு ஒரே கிளிக்கில் சாமான் வாங்கும் முறைக்கு அமேசான் கம்பெனி காப்புரிமை பெற்றிருப்பதால், வழக்கு முடியும்வரை மற்றவர்கள் அதைக் கையாளலாகாது என்று நீதிபதி மார்ஷா பெக்மன் தடுத்துவிட்டார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த பார்ன்ஸ் அண்ட் நோபிள், வாங்குவதை உறுதிசெய்வதற்காக வாடிக்கைக்காரர் இன்னொரு முறை அழுத்தும்படி தன் தளத்தை மாற்றி அமைத்தது. ஒரு முறை அழுத்தினால் குற்றம், இரண்டு முறை அழுத்தினால் குற்றமில்லை என்ற நிலை அன்று உண்டாயிற்று. அது நியாயந்தானா என்று ஆராய்வதற்கு, காப்புரிமை என்ற ஏற்பாடு எதற்காகத் தோன்றியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சட்ட நுட்பங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், காப்புரிமை என்பது கண்டுபிடித்தவருக்கும் சமூகத்துக்கும் இடையே நடக்கும் ஓர் ஒப்பந்தமே. ஒருவர் தம் புத்தியாலும் உழைப்பாலும் முன்பு உலகில் இல்லாத ஒரு யுக்தியைக் கண்டுபிடித்துவிட்டு, அதைத் தம் பட்டறைக்குள்ளேயே பூட்டி வைத்துத் தம்மோடு மடிந்துபோக விடாமல், அத்துறையில் பழகிய வேறொருவர் படித்துப் பார்த்து அப்படியே செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதி அரசாங்கத்திடம் ஒப்படைக்கிறார். அதற்கு ஈடாக அரசாங்கம், இப்போதைய விதிப்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷங்களுக்கு அவருடைய அனுமதியின்றி யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் பிரத்தியேக உரிமையை அவருக்கு வழங்குகிறது. தவணை முடிந்ததும் அது பொதுச்சொத்து. ஆகையால் எந்தக் காப்புரிமையைப் பற்றி விசாரித்தாலும் முதலில் கேட்கத் தக்க கேள்வி, ஜனங்கள் எந்த ரகசியத்தைப் பெற்றுக்கொண்டார்கள், அதற்காக அவர்கள் விட்டுக்கொடுத்த சுதந்திரம் அதற்குத் தகுமா என்பதே. இன்று நாம் வீட்டில் உட்கார்ந்தபடியே புடவையும் புத்தகமும் மருந்தும் வாங்குகிறோமே, அந்த வியாபாரத்தின் பின்னால் நிற்கும் காப்புரிமைகளை இந்தக் கேள்வியோடு அணுகினால், பெரிய உபகாரம் செய்தவை வேறு, பெரிய வழக்குகளை விளைவித்தவை வேறு என்பது புலப்படும்.

மெய்யான ரகசியம் ஒன்றை உலகுக்குத் தந்த காப்புரிமையை முதலில் எடுத்துக்கொள்வோம். முன்பின் அறியாத ஒரு கடைக்காரருக்கு, இடையிலே எத்தனையோ கம்ப்யூட்டர்கள் வாங்கி வாங்கி அனுப்பும் பாதையில், நம் கிரெடிட் கார்டு எண்ணை அனுப்ப வேண்டியிருக்கிறது. அதைச் சங்கேதமாக்கி அனுப்புவதென்றால், சங்கேதத்தின் திறவுகோலை இருவரும் முன்னதாகவே பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் மனித சரித்திரம் நெடுகிலும் இருந்துவந்த நிர்ப்பந்தம். பூட்டுவதற்கு ஒரு திறவுகோல், திறப்பதற்கு வேறொரு திறவுகோல் என்று பிரித்துவிட்டு, முன்னதை ஊரறிய அறிவித்துவிடலாமே என்ற அற்புதமான யோசனையை 1976-இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்டார்கள். அந்த யோசனையை முழுமையாக நிறைவேற்றும் கணித வழியை அடுத்த வருஷமே எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் கண்டார்கள். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துக்களால் அது ஆர்.எஸ்.ஏ. என்று வழங்குகிறது.

அந்த வழியை, காகிதமும் பேனாவும் உள்ள எவரும் சோதித்துப் பார்க்கலாம். 3, 11 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துவிட்டுப் பெருக்கினால், 2-ஐப் 10-ஆல் பெருக்கி 20. இனி, ஒன்றையொன்று பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்படியான இரண்டு எண்கள் வேண்டும். 3-உம் 7-உம் அத்தகையவை, ஏனெனில் மூவேழு இருபத்தொன்று. கடைக்காரர் 33, 3 என்ற இரண்டையும் பகிரங்கமாக அறிவித்துவிட்டு, 7-ஐ மட்டும் தம்மிடம் மறைத்து வைத்துக்கொள்கிறார். நாம் 4 என்ற எண்ணை அவருக்கு அந்தரங்கமாக அனுப்ப விரும்பினால், மூன்று நான்குகளைப் பெருக்கி, வந்த 64-ஐ 33-ஆல் வகுத்து, மீதியாகிய 31-ஐ அனுப்புகிறோம். அவர் ஏழு முப்பத்தொன்றுகளைப் பெருக்கி, அதனால் வரும் 2751 கோடியே 26 லட்சத்து 14 ஆயிரத்து 111-ஐ 33-ஆல் வகுக்கிறார், மீதி 4. நாம் அனுப்ப விரும்பிய எண் அவர் கைக்கு வந்துவிட்டது. நடுவிலே 31-ஐப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 33 என்பது 3-உம் 11-உம் சேர்ந்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும் என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்களை எடுத்துக்கொண்டால், பெருக்குவது கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை. பெருக்கி வந்ததைப் பிரித்துக் காண்பதோ மகா கடினம். 1977 ஆகஸ்டில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் மார்ட்டின் கார்ட்னர் இம்முறையைச் சாமானிய வாசகர்களுக்கு விளக்கியபோது, 129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் கொடுத்து, அதைப் பிரித்து மறைசெய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. இன்டர்நெட் வழியாக ஒன்றுகூடிய சுமார் 600 தொண்டர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஈடுபடுத்தி அதைப் பிரித்துக் கண்டது 1994 ஏப்ரலில்.

எம்.ஐ.டி. இதற்குக் காப்புரிமை கோரி 1977 டிசம்பரில் விண்ணப்பித்து 1983 செப்டம்பரில் பெற்றது. விண்ணப்பிப்பதற்கு முன்னதாகவே விஷயம் பத்திரிகையில் பிரசுரமாகிவிட்டதால், பிரசுரமான பின்னும் ஒரு வருஷம் அவகாசம் தரும் அமெரிக்காவைத் தவிர மற்ற நாடுகளில் உரிமை பெற வழியில்லாமல் போயிற்று. பேராசிரியர்களுடைய அவசரத்தால் விளைந்த இந்த நஷ்டம் உலகத்தாருக்குப் பெரிய லாபம் என்றே நான் கருதுகிறேன். அமெரிக்காவிலும் பழைய விதிப்படி 2000 செப்டம்பரில் தவணை தீரவேண்டியிருக்க, உரிமை வைத்திருந்த கம்பெனி இரண்டு வாரம் முன்னதாகவே அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டது. இதே கணித வழியை பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஒற்றறியும் ஸ்தாபனத்தில் வேலைபார்த்த கிளிஃபோர்டு காக்ஸ் 1973-லேயே கண்டுபிடித்திருந்தார் என்பதும், அது ராஜாங்க ரகசியமாக முடக்கப்பட்டு 1997-இல்தான் வெளியே சொல்லப்பட்டது என்பதும் இங்கே நினைக்கத் தக்கவை. பூட்டி வைத்த ரகசியத்தால் 24 வருஷ காலம் பொதுஜனங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. திறந்து காட்டிய ரகசியத்தின்மேல் ஓர் உலக வியாபாரமே எழுந்தது. 1994 ஆகஸ்ட் 11-ஆம் தேதி நெட்மார்க்கெட் என்ற சிறு கம்பெனியின் இணையக் கடையில், ஸ்டிங் என்ற பாடகரின் இசைத்தட்டு ஒன்றை 12 டாலர் 48 சென்ட்டுக்கு ஒருவர் வாங்கியபோது, அவருடைய கிரெடிட் கார்டு எண் சங்கேதமாகிப் போனது இம்முறையின் பலத்தால்தான். அடுத்த வருஷம் நெட்ஸ்கேப் கம்பெனி தன் பிரௌசரில் இதே கணிதத்தை ஆதாரமாகக் கொண்டு பாதுகாப்பான தொடர்பை அமைத்தது. பிரௌசரில் சிறு பூட்டின் படத்தைக் கண்டு பணம் கட்டும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

பாதை பாதுகாப்பாகிவிட்டாலும், வியாபாரத்துக்கு இன்னொரு தடை இருந்தது. இணையத்தை உருவாக்கியவர்கள், ஒவ்வொரு பக்கத்தைக் கேட்பதும் கொடுப்பதும் அதோடு முடிந்துபோகிற தனித்தனிக் காரியமாகவே அமைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் செருப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், செருப்பைக் கேட்டவரும் இவரும் ஒருவரே என்பது சர்வருக்குத் தெரியாது. எம்.சி.ஐ. என்ற தொலைபேசிக் கம்பெனிக்காக இணையக் கடை அமைக்கும் யோசனை வந்தபோது, பாதியில் நிற்கும் கொள்முதல்களின் விவரங்களைத் தன் சர்வரில் சுமந்துகொண்டிருக்க அது விரும்பவில்லை. 1994-இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுலி என்ற இளைஞர் அதற்குக் கண்ட உபாயமே குக்கி. சர்வர் பக்கத்தை அனுப்பும்போது கூடவே ஒரு சிறு குறிப்பையும், உதாரணமாக 'வாடிக்கை எண் 8812' என்பது போன்ற ஒரு வரியை, அனுப்புகிறது. பிரௌசர் அதை நம் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அதே தளத்துக்கு மறுபடி போகும்போதெல்லாம் அவ்வரியைத் திருப்பிக் காட்டுகிறது. ஒவ்வொரு பிரௌசருக்கும் நிரந்தரமான ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது இதைவிடச் சுலபமாயிருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் ஒரு மனிதர் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதையெல்லாம் கோத்துப் பார்க்க இடமாகுமே என்று அவர் அதைத் தவிர்த்தார். பின்னாளில் விளம்பரக் கம்பெனிகள், பல தளங்களிலும் தங்கள் விளம்பரத்தைப் புகுத்தி அதன் வழியே தங்கள் குக்கியை வைத்து, அவர் அஞ்சியதையே செய்துமுடித்தன. நெட்ஸ்கேப் 1995 அக்டோபரில் விண்ணப்பித்து 1998 ஜூனில் இதற்குக் காப்புரிமை பெற்றது. எனினும் விவரத்தைப் பகிரங்கமாகப் பிரசுரித்திருந்ததால், போட்டிக் கம்பெனியான மைக்ரோசாஃப்ட் உட்பட எல்லோரும் அதைத் தங்கள் பிரௌசரில் சேர்த்துக்கொண்டார்கள். இணையத்துக்கே கண்ணும் காதுமாகிய ஒரு சாதனம் வழக்கு வம்பு இல்லாமல் பரவியதற்கு அந்தத் தாராள மனப்பான்மையே காரணம்.

இந்த இரண்டின் தோள்மேல் ஏறி நிற்பதே அமேசானின் 'ஒன்-கிளிக்'. பெரி ஹார்ட்மன், ஜெஃப் பெசோஸ், ஷெல் கஃபன், ஜோயல் ஸ்பீகல் என்ற நால்வர் பெயரில் 1997 செப்டம்பர் 12-ஆம் தேதி விண்ணப்பித்து, 1999 செப்டம்பர் 28-ஆம் தேதி வழங்கப்பட்ட, 5,960,411 என்ற எண்ணுடைய காப்புரிமை அது. அதன் முதல் உரிமைக் கோரிக்கையைச் சட்ட பாஷையிலிருந்து நீக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: பொருளைத் திரையில் காட்டுவது, வாங்குபவர் ஒரே ஒரு செயல் செய்த மாத்திரத்தில் அவருடைய அடையாளத்தோடு உத்தரவைச் சர்வருக்கு அனுப்புவது, சர்வர் அந்த அடையாளத்தைக் கொண்டு, முன்பே சேமித்து வைத்துள்ள விலாசத்தையும் கார்டு விவரத்தையும் எடுத்து, கொள்முதலைப் பூர்த்திசெய்வது, இவையெல்லாம் ஷாப்பிங் கார்ட் என்ற கூடை முறை இல்லாமலே நடப்பது. அடையாளம் வைக்க உதவியது குக்கி. சற்று நேரத்துக்குள் ஒருவர் தனித்தனியாகச் செய்யும் உத்தரவுகளைச் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்பும் வழியையும் அந்த ஆவணம் விவரிக்கிறது. ஆழ்ந்து யோசித்துச் செய்த வேலை ஏதேனும் உண்டென்றால் அது அந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அமேசான் வழக்காடியதோ அதற்காக அன்று; ஒரே அழுத்தலுக்காக.

அந்த ஒரே அழுத்தலில் ஜனங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட ரகசியம் யாது? பட்டனைத் திரையில் வைத்த அன்றே, பார்த்தவர் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. ஆவணத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம், இணையத்தில் வேலைசெய்யும் எந்தப் பொறியாளருக்கும் அதில் இல்லை. இது வெறும் வாதமன்று. 2001 பிப்ரவரி 14-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையுத்தரவை ரத்துசெய்தபோது, பார்ன்ஸ் அண்ட் நோபிள் செய்தது உரிமைமீறலாக முடியக்கூடும் என்றாலும், அந்த உரிமையே செல்லுமா என்பதில் கணிசமான சந்தேகம் எழுப்பப்பட்டிருக்கிறது என்றது. அதற்குக் காட்டப்பட்ட சான்றுகளில் ஒன்று, 1990-களின் நடுவிலேயே கம்ப்யூசர்வ் என்ற சேவையில் இருந்த 'டிரெண்ட்' என்னும் வசதி: பங்கு விலைகளின் வரைபடம் வேண்டுமென்றால், 50 சென்ட் என்று விலை குறித்த பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும், படம் வந்துவிடும், கட்டணமும் சந்தாதாரர் கணக்கில் ஏறிவிடும். இரு கட்சியாரும் 2002-இல் சமாதானமாகப் போய்விட்டதால், உரிமை செல்லுமா செல்லாதா என்பதற்கு முடிவான தீர்ப்பு கிடைக்காமலே போயிற்று.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் அமேசானில் எதுவும் வாங்காதீர்கள் என்று பகிஷ்காரம் அறிவித்தார். கம்ப்யூட்டர் புத்தகங்களைப் பிரசுரிப்பவரும், அமேசானில் தம் புத்தகங்களை விற்பவருமான டிம் ஓ'ரைலி பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். பெசோஸ் 2000 மார்ச்சில் வெளியிட்ட பதில், தம் கம்பெனியின் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தாலும், மென்பொருளுக்கும் வியாபார முறைகளுக்கும் தரும் காப்புரிமை மூன்று முதல் ஐந்து வருஷத்தோடு முடிந்துவிட வேண்டும் என்று யோசனை கூறியது. அந்த யோசனையைச் சட்டசபைகள் செவிமடுக்கவில்லையே என்பது எனக்கு இன்றும் வருத்தமே. ஆப்பிள் கம்பெனி 2000-லேயே பணம் கொடுத்து அனுமதி பெற்றுக்கொண்டது. நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கால்வலி என்ற நடிகர், வக்கீலும் அல்லர், போட்டி வியாபாரியும் அல்லர், பழைய சான்றுகளைத் தேடித் திரட்டி மறுபரிசீலனை கோரியதன்மேல், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2007-இல் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நிராகரித்தது. அமேசான் வாசகங்களைச் சுருக்கித் திருத்தியபின் அதே அலுவலகம் 2010-இல் உறுதிசெய்தது. ஐரோப்பிய அலுவலகம் ஏற்க மறுத்தது; கனடா நீண்ட வழக்குக்குப் பின் ஏற்றது. 2017 செப்டம்பரில் அமெரிக்காவில் தவணை தீர்ந்தது.

கூடையில்லாத முறைக்கு இவ்வளவு என்றால், கூடைக்கும் ஒரு கதை உண்டு. ஓப்பன் மார்க்கெட் என்ற கம்பெனி 1994 அக்டோபரில் விண்ணப்பித்து 1998-இல் பெற்ற காப்புரிமை, இணையக் கடையில் பொருள்களைக் கூடையில் சேர்த்து முடிவில் பணம் கட்டும் முறையைத் தன்னுடையதாகக் கோரியது. பின்னர் அந்தக் காப்புரிமை கைமாறி, கடை எதுவும் நடத்தாத சொவரெய்ன் என்ற நிறுவனத்திடம் வந்துசேர்ந்தது. அதன் வழக்கைத் தீர்த்துக்கொள்ள 2005-இல் அமேசான் கொடுத்த தொகை 4 கோடி டாலர். ஒரு கிளிக்குக்காகப் பிறர்மேல் வழக்குத் தொடுத்த கம்பெனி, கூடைக்காகத் தானே பிரதிவாதியாயிற்று. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நியூஎக் என்ற கம்பெனியோ பணம் கொடுத்து ஒதுங்க மறுத்து, கீழ்க்கோர்ட்டில் தோற்றும் சளைக்காமல் மேலே போயிற்று. 1984-லேயே கம்ப்யூசர்வ் நடத்திய மின்னணுக் கடைத்தெருவில் இம்முறை இருந்ததைக் கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2013 ஜனவரியில் கூடைக்கான கோரிக்கைகளைச் செல்லாதவை என்று தள்ளியது. அதற்குள் எத்தனையோ கடைக்காரர்கள் பணம் கட்டிவிட்டிருந்தார்கள். தவறாகக் கொடுத்த உரிமையின் செலவை அரசாங்க அலுவலகம் ஏற்பதில்லை, ஜனங்களே ஏற்கிறார்கள்.

படங்களைச் சுருக்கும் ஜிஃப் முறைக்குள் ஒளிந்திருந்த காப்புரிமைக்காக யுனிசிஸ் கம்பெனி 1994-இன் கடைசியில் கட்டணம் கேட்கத் தொடங்க, அதைத் தவிர்ப்பதற்கென்றே பி.என்.ஜி. என்ற புதிய முறை பிறந்ததும், பிரிட்டிஷ் டெலிகாம் இணைய இணைப்புகளே தன் கண்டுபிடிப்பு என்று தொடுத்த வழக்கு 2002-இல் தள்ளுபடியானதும் இவ்வரிசையில் அடங்கும் சங்கதிகள். இவையெல்லாம் எதன்மேல் கட்டப்பட்டனவோ அந்த வலைக்கு, அதாவது டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிசாலையில் உருவாக்கிய வேர்ல்டு வைட் வெப்புக்கு, எவரும் கட்டணம் செலுத்தியதில்லை. 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் அதைப் பொதுச்சொத்தாக எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் மின்னசோட்டா சர்வகலாசாலை, அன்று வலையைவிடப் பிரபலமாயிருந்த 'கோஃபர்' என்ற தன் முறைக்குக் கட்டணம் விதிக்கப்போவதாகச் சொன்னது. ஜனங்கள் கோஃபரைக் கைவிட்டுக் கட்டணமில்லாத வலையை நாடினார்கள்.

நம் தேசத்துச் சட்டம் இவ்விஷயத்தில் எச்சரிக்கையாக இருந்தது. 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 2002-இல் சேர்க்கப்பட்ட பிரிவு, கணித முறையும், வியாபார முறையும், கம்ப்யூட்டர் புரோகிராம் அதனளவிலும், அல்காரிதமும் கண்டுபிடிப்பு ஆகா என்கிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் இதைத் தளர்த்த முயன்றபோது, அடுத்த வருஷம் பார்லிமென்ட் அந்தத் தளர்வை ஏற்காமல் நீக்கியது. புரோகிராமினால் தொழில்நுட்ப ரீதியான ஒரு விளைவு உண்டாகுமானால் உரிமை தரலாம் என்று 2019-இல் டில்லி உயர்நீதிமன்றம் வழிகாட்டிற்று. அதே நீதிமன்றம் 2023-இல், வியாபார முறைகளுக்குள்ள தடை விலக்கில்லாதது என்றும் கூறியது. அமேசானின் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்த காலத்து அமெரிக்காவில், உரிமை வழங்கப்படும்வரை விண்ணப்பம் வெளியே தெரியாது. பழைய சான்று கையில் உள்ளவர்களும் வாயடைத்தே இருக்க நேர்ந்தது. இங்கேயோ, விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதத்தில் பிரசுரமாகிவிடுகிறது. அதற்குப்பின் உரிமை வழங்கப்படுவதற்கு முன்பாக, சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். அந்த வியாபாரத்தில் சம்பந்தம் இருக்க வேண்டுமென்பதில்லை. விண்ணப்பம் எந்த எல்லைக்குள் வருகிறதோ அதைப் பொறுத்துச் சென்னையிலோ மும்பையிலோ டில்லியிலோ கொல்கத்தாவிலோ உள்ள காப்புரிமை அலுவலகத்தில், இது முன்பே இன்ன இடத்தில் இன்ன வருஷத்தில் வழக்கத்தில் இருந்தது என்று சான்றோடு எழுதிக் கொடுத்தால், அதைப் பரிசீலிக்காமல் அதிகாரி உரிமையை வழங்கக்கூடாது.